வசனமும் வேடமும்: சிவாஜி கணேசனின் நடிப்பைக் குறித்து ஒரு விளக்கம்

தஞ்சைப் பகுதியிலுள்ள ஒரு கிராமச் சபையில், இறையியல் மாணவர் ஒருவர் கெட்ட குமாரன் உவமையின்மேல் பிரசங்கித்ததைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன். குரல் எழுந்தது, தாழ்ந்தது, தழுதழுத்தது. மூச்சை அடக்கி நிறுத்திய இடங்களும் கைவீச்சும் எவரிடமிருந்து கடன் வாங்கப்பட்டவை என்பதை அறியாதவர் அங்கு ஒருவரும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்த முதிய விவசாயி ஒருவர், "சின்ன ஐயர் நல்லா வசனம் பேசினாருங்க" என்றார். வேதவாக்கியத்திற்கும் திரைப்பட உரையாடலுக்கும் நம் மொழியில் ஒரே சொல் வழங்குகிறது. அவர் எதைக் கருதினார் என்று நான் கேட்கத் துணியவில்லை.

அம்மாணவர் பின்பற்ற முயன்றது சிவாஜி கணேசனை. நம் போதகர்களுள் பலர் அறிந்தோ அறியாமலோ இதைச் செய்து வருகின்றனர். ஆதலால் அக்கலைஞர் உண்மையில் செய்தது என்ன என்று ஆராய்வது நமக்குத் தகும்.

1928 அக்டோபர் 1ஆம் நாள் விழுப்புரத்தில் பிறந்த கணேசனுக்குத் தஞ்சையை அடுத்த சூரக்கோட்டையே பூர்வீகம். பள்ளிப் படிப்பைத் துறந்து சிறு பிராயத்திலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். முதலில் அவருக்கு வாய்த்தவை சீதை போன்ற பெண் வேடங்கள். ஒலிபெருக்கியை நம்பாத அந்நாளைய மேடையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் எட்டவேண்டும். முகபாவம் தூரத்திலிருந்தே விளங்கவேண்டும். இப்பயிற்சியுடன் அவர் காமிராவின் முன் வந்தார். அவருடையது மிகை நடிப்பு என்று நகரத்து விமர்சகர்கள் குறைகூறியது இதனை மறந்ததினாலேயே என்பது என் கருத்து. அது அளவு தெரியாமையன்று, வேறோர் அளவுகோல்.

1946இல் அண்ணாதுரையின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைக் கண்ட ஈ.வெ.ரா. பெரியார் அவருக்குச் 'சிவாஜி' என்னும் பெயரைச் சூட்டினார். 1952இல் 'பராசக்தி' வெளிவந்தது. அதன் உரையாடலை எழுதிய மு. கருணாநிதியும் காவிரிக் கழனிகளின் மகனே, திருக்குவளையில் பிறந்தவர். நம் சமயவாதிகளுக்கு அப்படம் கசந்ததில் வியப்பில்லை. ஆயினும் நீதிமன்றக் காட்சியை நாடெங்கும் இளைஞர் மனப்பாடம் செய்தனர். அவர்களுள் சிலர் பிற்காலத்தில் குருப்பட்டம் பெற்றனர் என்பதையும் நான் அறிவேன்.

குரலை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள், அதன் பின்னிருந்த உழைப்பைக் காணவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிப்பவர்போல் நடித்தார், அவ்வளவே. ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டு வளர்ந்த இந்நாட்டு மக்களின் முன், கன்னம் உப்புவதும் விரல்கள் துளைகளில் இயங்குவதும் பொய்யாகியிருந்தால் நகைப்புக்கு இடமாகியிருக்கும். தாம் வாசிக்காத ஒன்றுக்கு அவர் தம் மூச்சையே கொடுத்தார்.

ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொண்ட சொல்லை இங்கு நினைவுகூர வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு 'மாயக்காரர்' என்கிறது. மூலத்திலுள்ள 'ஹுப்போக்ரிட்டேஸ்' என்பது கிரேக்க அரங்கில் நடிகனுக்கு வழங்கிய பெயர். புதிய மொழிபெயர்ப்பின் 'வெளிவேடக்காரர்' இதற்கு நெருங்கியது. நடிகன் வேடம் தரித்திருப்பதைக் காண்போர் அறிவர். ஆகவே அவன் எவரையும் ஏமாற்றுவதில்லை. வேடம் என்று பிறர் அறியாதபடி தரிப்பவனே கண்டனத்துக்குரியவன். இத்தீர்ப்பின்கீழ் வருபவர் சிவாஜியா, அவர் குரலை அங்கியினுள் மறைத்துக்கொண்டு பீடமேறுபவரா?

'ஞானஒளி'யில் (1972) அவர் கோயில் மணியடிக்கும் அந்தோணியாக வருகிறார். கொலைப்பழிக்கு ஆளாகி, பிற்காலத்தில் செல்வந்தராக வேறு பெயரில் திரும்பி, மகளை மகள் என்றழைக்க இயலாமல் நிற்கிறார். விக்டர் ஹ்யூகோவின் சாயல் தெளிவு. அதில் உரத்த பேச்சும் உண்டு. எனினும் மனத்தில் நிலைப்பவை அவர் பேசாமல் நின்ற இடங்கள். 'முதல் மரியாதை'யில் (1985) பாரதிராஜா இதையே முழுப்படத்திற்கும் விரித்தார். முழக்கத்தை நம்பியவர் அங்கே பார்வையாலும் நடையாலும் பேசினார். (இடையில் ஒன்று: 1989இல் அவர் திருவையாற்றில் தேர்தலில் நின்று தோற்றார். இம்மண்ணின் மக்கள் வேடத்தையும் ஆளையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள்.) 2001 ஜூலை 21இல் அவர் மறைந்தார்.

மௌனம் என்றவுடன் சுவீடன் நாட்டு நடிகர் மாக்ஸ் வான் சீடோவும் நினைவுக்கு வருகிறார். தரங்கம்பாடிக்கு அத்தியட்சர்களை அனுப்பிய அந்நாட்டுத் திருச்சபையின் சூழலை நாம் ஓரளவு அறிவோம். 1929இல் பிறந்து 2020இல் மறைந்த இவர், சிவாஜிக்குச் சில மாதங்களே இளையவர். 1965இல் அமெரிக்கப் படமொன்றில் இயேசுவாகவே நடித்தவர். ஆனால் போதகர்கள் காணவேண்டியது, லுத்தரன் போதகரின் மகனான இங்மார் பெர்க்மன் 1963இல் எடுத்த 'குளிர்கால ஒளி'. அதில் வான் சீடோ, அணுகுண்டைப் பற்றிய அச்சத்தால் வாழ்வில் நம்பிக்கையிழந்த மீனவர் யோனாஸ். ஆறுதல் தேடிப் போதகரிடம் வருகிறார். போதகரோ தம் சொந்த அவிசுவாசத்தைக் குறித்தே ஓயாமல் பேசுகிறார். யோனாஸ் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. அமர்ந்திருக்கிறார், பிறகு எழுந்து போகிறார். அடுத்து அவர் உடலை ஆற்றங்கரையில் தூரத்திலிருந்து காண்கிறோம். போதகர் அருகே நிற்கிறார். நீரின் இரைச்சலில், அங்கே பேசப்படுவது ஒன்றும் நமக்குக் கேட்பதில்லை.