மணக்கும் மை!
1,200 ஆண்டு ஆகியும் மங்காத எழுத்து

ஜப்பான் நாட்டில் நாரா என்று ஓர் ஊர். 8-ம் நூற்றாண்டில் அதுதான் அந்நாட்டின் தலைநகரம்.

ஷோமு என்ற சக்கரவர்த்தி 756-ம் ஆண்டில் காலமானார். அவர் ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பட்டத்தரசி, தோடாய்ஜி புத்தர் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பொருள்களுக்கு ஒரு பட்டியலும் எழுதினார்கள்.

அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. எழுதிய கை மண்ணோடு மண்ணாகிவிட்டது. எழுத்து மட்டும் அழியவில்லை!

அந்த மை எதில் செய்தது தெரியுமா? வெறும் புகைக்கரியில்!

விளக்கும் திரியும்

நம் பாட்டிமார் வீட்டில் கண்மை செய்வது உண்டு. ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். மேலே ஒரு தட்டைக் கவிழ்ப்பார்கள். தட்டில் படியும் கரிதான் கண்மை.

நாராவிலும் அதே கதைதான். அங்கே "கோபாயென்" என்று ஒரு பட்டறை இருக்கிறது. 1577-ம் ஆண்டில் தொடங்கியது. இன்றும் மைக்கட்டி செய்கிறார்கள்.

இருட்டறையில் வரிசை வரிசையாக அகல் விளக்குகள். கடுகு இனத்துச் செடியின் எண்ணெய். கோரையில் செய்த திரி. ஒவ்வொரு விளக்குக்கும் மேலே ஒரு மண்மூடி. மூடியை அடிக்கடி சிறிது திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் கரி ஒரே சீராகப் படியும். திரி மெலிந்தால் கரியும் மெலியும். மெல்லிய கரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

மணம் எதற்கு?

கரி தண்ணீரில் கரையாது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டும். தச்சர்கள் "வஜ்ஜிரம்" என்பார்களே, அந்த இனப் பசைதான். மிருகங்களின் தோலைக் காய்ச்சி எடுப்பது. கரித்துகள் ஒவ்வொன்றையும் பசை போர்வைபோல் மூடிக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாது. எழுதிக் காய்ந்த பிறகு, கரியைத் தாளோடு பிணைத்து வைப்பதும் அந்தப் பசைதான்.

ஆனால் தோல் பசையின் நாற்றம்? மூக்கைத் துளைக்குமே!

அதற்காகத்தான் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். அது வேறு எதுவும் இல்லை, நம் பச்சைக் கற்பூரம்தான்! பெருமாள் கோவில் தீர்த்தத்தில் மணக்குமே, அதே பொருள். போர்னியோ, சுமத்திரா காடுகளில் ஒரு பெரிய மரம் வளர்கிறது. அதன் வெடிப்புகளில் பளிங்குபோல் உறைந்து கிடப்பது பச்சைக் கற்பூரம். விஞ்ஞானிகள் அதைப் "போர்னியால்" என்கிறார்கள். இப்போது தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் கஸ்தூரி சேர்ப்பதும் உண்டு.

சாம்பலில் தூக்கம்

கரி, பசை, வாசனை மூன்றையும் கையாலும் காலாலும் மிதித்துப் பிசைகிறார்கள். வேலை முடியும்போது தொழிலாளியின் உடம்பெல்லாம் கறுப்பு!

பிசைந்ததை மர அச்சில் அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். இனிமேல்தான் ஆபத்து.

வெயில் பட்டால் கட்டி வெடித்துவிடும். ஈரம் நின்றால் பசை அழுகிவிடும். பட்ட பாடெல்லாம் பாழ்!

ஆகவே குளிர்காலத்தில்தான் வேலை. அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிப்பார்கள். கட்டிகளைச் சாம்பலில் புதைக்கிறார்கள். முதலில் ஈரச் சாம்பல். பிறகு நாளுக்கு நாள் உலர்ந்த சாம்பல். ஈரம் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. பின்னர் வைக்கோலில் கட்டி, கூரையில் மாதக் கணக்கில் தொங்க விடுகிறார்கள். கடைசியில் சிப்பியால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

இத்தனை பாடும் எதற்கு? 15 கிராம் எடையுள்ள ஒரு சிறு கட்டிக்கு!

தாளைத் தின்னும் மை

ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் வேறு மை வழங்கியது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது அது. மாசிக்காயின் துவர்ப்பு, அன்னபேதியில் உள்ள இரும்போடு சேரும். காற்றுப் பட்டதும் கறுக்கும். பார்க்க நல்ல மைதான். ஆனால் அதில் அமிலம் உண்டு. அமிலமும் இரும்பும் சேர்ந்து தாளை அரித்துவிடும்.

1750-ல் காலமான ஜெர்மன் இசை மேதை பாக் கைப்பட எழுதிய இசைத் தாள்கள் பலவற்றை இந்த மை அரித்துவிட்டது. அவர் எழுதிய மையே அவர் எழுத்துக்கு எமன்!

புகைக்கரி அப்படி அல்ல. அதில் அமிலம் இல்லை. வெளிச்சம் பட்டாலும் வெளுக்காது. காற்றோடும் சேராது. அதுதான் அதன் ரகசியம்.

இன்றைய நிலை

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் தூரிகை பிடித்து எழுதக் கற்கிறார்கள். ஆனால் பலர் கையில் இருப்பது பாட்டில் மை. கட்டியை உரைக்க நேரம் ஏது?

உரைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கல்லில் சில சொட்டுத் தண்ணீர். அதில் கட்டியை மெல்லத் தேய்த்தால் தண்ணீர் கறுக்கும். கூடவே பச்சைக் கற்பூர மணம் எழும்பும்.

கட்டி தேய்ந்துவிடும். மணமும் பறந்துவிடும். எழுத்து நிற்கும்!