ஆவி பிடிக்க எந்த செட்டப் பெஸ்ட்?

செமஸ்டர் வந்தா கூடவே ஜலதோஷமும் வந்துடும். ஹாஸ்டல்ல ஒருத்தருக்கு மூக்கு ஒழுகினா போதும்... மூணே நாள்ல அந்த ஃப்ளோர் முழுக்க ‘ஹச்... ஹச்’தான்! மாத்திரை போட்டா தூக்கம் வரும், தூங்கினா அரியர் வரும். அதனால நம்ம மக்கள் கையில எடுக்கிற ஆயுதம், ஆவி பிடிக்கிறது. மெஸ் அண்ணன்கிட்ட கெஞ்சி வாங்கின வெந்நீர், பக்கத்து ரூம் கெட்டில், அம்மா பார்சல்ல அனுப்பின பிளாஸ்டிக் வேப்பரைசர்னு ஆளுக்கொரு செட்டப். இதுல எது பெஸ்ட்? தெர்மோடைனமிக்ஸை ஒரு தடவையாவது எக்ஸாம் ஹாலுக்கு வெளியே யூஸ் பண்ணிப் பார்ப்போம், வாங்க!

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. ஒரு கிராம் கொதிநீர் உங்க தோல்மேல பட்டு, 100 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்கு இறங்கினா, சுமார் 265 ஜூல் வெப்பத்தை விட்டுட்டுப் போகும். அதே ஒரு கிராம் நீராவி பட்டா? அது தண்ணியா மாறும்போதே 2,260 ஜூல். அதுக்கு மேல அந்த 265. ஆக, கிட்டத்தட்ட பத்து மடங்கு! ஸ்கூல்ல படிச்ச ‘உள்ளுறை வெப்பம்’ இதுதான். ஆவி வெறும் காத்து மாதிரி தெரியும். ஆனா வெந்நீரைவிட மோசமா சுடும். இதை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு செட்டப்பா பார்க்கலாம்.

1. குண்டான் + போர்வை

நம்ம பாட்டி காலத்து டிசைன். கொதிக்கிற தண்ணியில நொச்சி இலை, மஞ்சள்தூள் போட்டு, போர்வையால மூடி ‘வேது’ பிடிப்பாங்க. சில வீடுகள்ல செங்கல்லைச் சுட்டுப் பானைக்குள்ள போடுவாங்க. பானை ஆறாம இருக்க அது ஒரு ஹீட் சோர்ஸ். கில்லாடிங்க!

இதோட ப்ளஸ் பாயின்ட், தானா அடங்கிடும். ஒரு லிட்டர் தண்ணி 100-லிருந்து 70 டிகிரிக்கு ஆறும்போது 126 கிலோ ஜூல் வெளியேறும். அது முழுக்க ஆவியாக்கவே செலவானாக்கூட 55 கிராம் ஆவிதான் வரும். பாத்திரச் சுவர் வழியாவும் சூடு போறதால நிஜத்துல இன்னும் கம்மி. முகத்தை எவ்வளவு தூரத்துல வெக்கணும்கிற கன்ட்ரோலும் உங்ககிட்டதான்.

மைனஸ்? போர்வைக்குள்ள கண்ணு தெரியாது. கட்டில்மேல, மடியில பாத்திரத்தை வெச்சுட்டு ஒரு தும்மல் போட்டீங்கன்னா கதை முடிஞ்சது. 60 டிகிரி தண்ணி சுமார் 5 விநாடியில ஆழமான புண்ணை உண்டாக்கும். 70 டிகிரின்னா ஒரு விநாடி போதும். ‘ஆவி குறைஞ்சுடுச்சே’னு நீங்க நினைக்கிற தண்ணிகூட இந்த லிமிட்டுக்குள்ளதான் இருக்கும்.

2. எலெக்ட்ரிக் கெட்டில்

‘கொதிக்கும்போதே மூக்கைக் காட்டினா வேலை முடிஞ்சது’னு ஒரு குரூப் இருக்கு. 1,500 வாட் கெட்டில் கொதிக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 40 கிராம் ஆவி தள்ளும். குண்டான்ல மொத்தமா வர்ற ஆவி இங்க ஒன்றரை நிமிஷத்துல! அதுவும் குறுகலான மூக்கு வழியா ஒரே இடத்துல பாயும்.

இன்னொரு மேட்டர். பெரும்பாலான கெட்டில்ல ஆட்டோ கட்-ஆஃப் வேலை செய்யறதே ஆவியாலதான். ஆவி ஒரு சின்ன வழியா போய், ரெண்டு உலோகம் ஒட்டின தகட்டைச் சூடாக்கும். ரெண்டும் வேற வேற அளவுல விரியறதால தகடு ‘டக்’னு வளைஞ்சு ஸ்விட்சைத் தட்டும். நீங்க மூடியைத் திறந்து வெச்சு ஆவி பிடிச்சா, ஆவி அந்தப் பக்கம் போகாது. கெட்டில் பாட்டுக்கு கொதிச்சுக்கிட்டே இருக்கும். இந்த செட்டப்புக்கு நம்ம மார்க், ஜீரோ.

3. பிளாஸ்டிக் வேப்பரைசர்

மெடிக்கல் ஷாப்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முகத்துக்கு ஒரு மாஸ்க், மூக்குக்கு ஒரு குழாய்னு மாத்தி மாத்தி மாட்டிக்கலாம். 300 வாட் மெஷின்னு வெச்சுக்கிட்டா, நிமிஷத்துக்கு அதிகபட்சம் 8 கிராம் ஆவி. கெட்டில்ல அஞ்சுல ஒரு பங்கு. மாஸ்க் மாட்டினா ஆவி காத்தோட கலந்து பரவும். குழாய் மாட்டினா எல்லாம் ஒரே புள்ளியில குவியும். ஸோ, மாஸ்க்தான் பெட்டர்.

ஆனா, உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்க பாஸ். சில மாடல்கள்ல ஹீட்டரே கிடையாது. ரெண்டு எலெக்ட்ரோடு, நடுவுல தண்ணி. கரன்ட் தண்ணி வழியாவே பாய்ஞ்சு அதைக் கொதிக்க வைக்கும். ஆர்.ஓ. தண்ணி ஊத்தினா உப்பு கம்மிங்கறதால கரன்ட் சரியா பாயாது, ஆவி வராது. அப்போ நம்மாளு என்ன பண்ணுவான்? ஒரு ஸ்பூன் உப்பை அள்ளிப் போடுவான். கரன்ட் எகிறும், கொதிநீர் துப்பும். கூட வர்ற பேப்பர்ல எவ்வளவு சொல்லியிருக்கோ அவ்வளவுதான் போடணும். அதைவிட முக்கியம், ப்ளக்ல இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிறது வெறும் தண்ணி இல்லை, லைவ் ஒயர்! பிடுங்கிட்டுத்தான் மூடியைத் திறக்கணும்.

4. நெல்சன் இன்ஹேலர்

நர்சிங் படிக்கிற தோழிகளைக் கேளுங்க, சொல்வாங்க. 1860-கள்ல லண்டன்ல வந்த பீங்கான் ஜாடி இது. மேலே கார்க்ல செருகின கண்ணாடிக் குழாய், பக்கவாட்டுல காத்து நுழைய ஒரு மூக்கு. நீங்க குழாய்ல மூச்சை இழுத்தா, வெளிக்காத்து அந்த மூக்கு வழியா உள்ளே போய், வெந்நீர் மேல தடவி, ஈரத்தோட வரும். வாயால இழுத்து, மூக்கால விடணும். குழாயும் மூக்கும் எதிரெதிர்ப் பக்கமா இருக்கணும், இல்லன்னா மூக்கு வழியா வர்ற ஆவி முகத்துல அடிக்கும். கரன்ட் இல்லை, பிரஷர் இல்லை. நீங்க இழுத்தாத்தான் ஆவி வரும். டிசைன்னா இது டிசைன்!

சரி, உள்ளே என்ன போடறது?

நொச்சியோ துளசியோ, அது வெளியே பாத்திரத்துக்குத்தான். மெஷினுக்குள்ள இலை, தைலம் எதுவும் போடாதீங்க, அடைச்சுக்கும். தைலம் போட்டதும் ‘மூக்கு திறந்துடுச்சுடா’னு தோணுதே, அது மெந்தாலோட மேஜிக். குளிரை உணர்ற நரம்பு வாசலை மெந்தால் தட்டி விடும். அந்த வாசலைக் கண்டுபிடிச்சவங்கதான் 2021-ல மருத்துவ நோபல் வாங்கின டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும். அடைப்பு அப்படியேதான் இருக்கும், காத்து தாராளமா போற மாதிரி ஒரு ஃபீலிங் மட்டும் கிடைக்கும்.

அப்போ ஆவியே வேஸ்ட்டா?

அப்படி இல்லை. சூடும் ஈரமும் சளியை இளக்கும், தொண்டைக்கு இதமா இருக்கும். ஆனா நோயைக் குணமாக்கிடும்னு நம்பாதீங்க. காக்ரேன் அமைப்பு 6 ஆய்வுகள்ல 387 பேரோட முடிவுகளைத் தொகுத்து 2017-ல வெளியிட்டது. சாதா ஜலதோஷத்துக்குச் சூடான ஈரக்காத்தால தெளிவான பலன் எதுவும் அதுல நிரூபணமாகலை. 2021 கொரோனா அலையில பொது இடங்கள்ல ஆவி மெஷின் வெச்சப்போ, ‘வேண்டாம்’னு அப்போ தமிழக சுகாதார அமைச்சரா இருந்த மா.சுப்பிரமணியனே சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தர் இருமின காத்தை அடுத்தவர் இழுக்கிற ஆபத்து அதுல இருக்கே!

இங்கதான் மொத்தக் கணக்கும் வந்து நிக்குது. கிடைக்கப்போறது இதம் மட்டும்தான்னா, அதிக ஆவி தர்ற செட்டப்பைத் தேடுறதுல அர்த்தமே இல்லை. ‘கவிழ்ந்தா என்ன ஆகும்?’ இந்த ஒரு கேள்வியில பாஸ் ஆகிறதுதான் நல்ல செட்டப்.

அப்படிப் பார்த்தா முதல் ரேங்க், லிஸ்ட்லயே இல்லாத ஒண்ணுக்கு. பாத்ரூம் கதவைச் சாத்திட்டு, வெந்நீர்ல நிதானமா ஒரு குளியல்! அடுத்து நெல்சன் ஜாடி. அப்புறம் மாஸ்க் மாட்டின வேப்பரைசர். குண்டான்தான் வழின்னா, அடி அகலமான பாத்திரமா எடுத்து, ஆடாத டேபிள்மேல வைங்க. போர்வையைவிட டவல் நல்லது. கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். வீட்ல இருக்கிற குட்டிப் பசங்களுக்குக் குண்டான் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். மூச்சு வாங்குது, மூணு நாளா காய்ச்சல் விடலைன்னா ஆவியை விட்டுட்டு ஹாஸ்பிட்டலுக்குக் கிளம்புங்க.

ஆவி பிடிங்க மக்களே... ‘ஆவி’ போயிடாம பிடிங்க!