கழுத்தைப் பூட்டும்போது

‘வேண்டாம்’ என்று தலையை இடவலமாக ஆட்டுகிறோமே, அந்தத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி கழுத்தின் உச்சியில் ஒரே இடத்தில் நடக்கிறது. முதல் முள்ளெலும்பான அட்லஸ் ஒரு வளையம். இரண்டாவதிலிருந்து பல்லைப் போன்ற ஓர் எலும்பு அதற்குள் நிமிர்ந்து நிற்கிறது. திருகையின் முளையைச் சுற்றி மேல்கல் சுழல்வதுபோல, பல்லைச் சுற்றி அட்லஸ் சுழல்கிறது. பல் பின்னால் சாயாமல் ஒரு குறுக்குத் தசைநார் கட்டிவைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் தண்டுவடம்.

முடக்குவாதத்தை விரல்களின் நோயாகவே நாம் அறிவோம். அது தாக்குவது மூட்டுச் சவ்வை. இந்த இரண்டு எலும்புகளுக்கிடையே வட்டு கிடையாது. இருப்பவை சவ்வு மூட்டுகள்தாம். வீங்கித் தடித்த சவ்வு, ‘பன்னஸ்’ என்ற திசுவாகி, பல்லையும் தசைநாரையும் அரிக்கிறது. கட்டு தளர்ந்தபின் குனியும்போதெல்லாம் அட்லஸ் முன்னே நழுவுகிறது. தண்டுவடத்துக்கு மிஞ்சும் இடம் 14 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்.

அப்போது இரண்டு எலும்புகளையும் திருகாணிகளால் பூட்டுகிறார்கள். மும்பை மருத்துவர் அதுல் கோயல் 1994-இல் வெளியிட்ட முறையே, சில மாற்றங்களுடன், இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது.

திருகாணி தற்காலிகக் காவல்தான். இடுப்பெலும்பிலிருந்து எடுத்துவைத்த துண்டுகள் மாதக்கணக்கில் வளர்ந்து, இரண்டும் ஒரே எலும்பாக வேண்டும். ஆனால் நோயும், ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட ஸ்டீராய்டும் எலும்பை வலுவிழக்கச் செய்திருக்கும். ஆணி தளரலாம், எலும்பு சேராவிட்டால் உலோகமே சோர்ந்து முறியலாம். மெலிந்த தோலில் காயம் தாமதமாக ஆறும், கிருமி எளிதில் புகும். அதனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் உயிரியல் மருந்துகளைச் சிறிது காலம் நிறுத்துகிறார்கள். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைப் பெரும்பாலும் தொடர்கிறார்கள், நிறுத்தினால் நோய் சீறி எழும் என்பதால். மூளைக்குப் போகும் தமனியோ ஆணியின் பாதையை ஒட்டியே ஓடுகிறது. மயக்க மருந்து தருவதற்கே தனிக் கவனம் வேண்டும்: கழுத்தை வளைக்காமல், சில நேரம் நோயாளி விழித்திருக்கும்போதே, மெல்லிய கேமரா வழிகாட்ட மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துகிறார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தாலும், மேலே பூட்டிய அசைவின் சுமை கீழே இறங்குகிறது. சில ஆண்டுகளில் கீழ் மூட்டுகளும் நழுவக்கூடும்.

என்னை நெகிழவைப்பது வேறொன்று. அறுவையில் யாரும் தொடாத அந்தப் பன்னஸ், அசைவு நின்றதும் பலருக்குத் தானாகவே சுருங்குகிறது. பின்னர் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், நசுங்கியிருந்த தண்டுவடத்தைச் சுற்றி மறுபடியும் தண்டுவட நீர் தெரிகிறது. ஆனால் கழுத்து பூட்டப்பட்ட அந்த நோயாளி பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க இனித் தோளையும் சேர்த்தே திருப்ப வேண்டும்.