வளவுத் தோட்டப் பராமரிப்பும் கூலிச் செலவும்

அக்கராயன்குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் கமக்காரருக்குப் பெரும்பாலும் இருவகை நிலம் உண்டு. ஒன்று குளத்தின் கீழுள்ள வயல். மற்றொன்று வீட்டைச் சூழ்ந்த வளவு. வயலுக்கு வேண்டிய உழவு, விதைநெல், பசளை, அறுவடை ஆகியவற்றின் செலவை அவர் சதக் கணக்காய் அறிவார். வளவின் செலவைக் கேட்டாலோ, "அவ்வப்போது ஓர் ஆளைப் பிடித்து வெளியாக்குவிப்பேன்" என்பதே விடையாக வரும். அந்த "அவ்வப்போது" என்னும் ஒரு சொல்லுக்குள் ஆண்டுதோறும் கணிசமான பணம் மறைந்து போகின்றது. அப்பணத்தைக் கணக்கிற்குள் கொண்டுவரும் வழி யாதென்பதை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

வளவுக்கு ஆள் பிடித்தல் ஆடம்பரமன்று. காலபோகத்திலும் சிறுபோகத்திலும் குடும்பத்தினர் வயலிலே நிற்க, வீட்டில் முதியோரும் சிறுவருமே எஞ்சுவர். தென்னை, வாழை, முருங்கை, எலுமிச்சை, மரக்கறிப் பாத்தி ஆகியவை அவ்வேளையில் கவனிப்பாரற்றுக் களை மூடும். வேலியில் ஓர் இடைவெளி விழுந்தால் ஓர் இரவிலேயே மாடு புகுந்து கத்தரிப் பாத்தியை அழித்துவிடும். ஆதலாற் கூலியாளின் உதவி பல குடும்பங்களுக்கு இன்றியமையாததாகின்றது. எந்தக் காலத்தில், எந்த அளவில், எந்த ஒழுங்கில் அவ்வுதவியைப் பெறுவது என்பதே ஆராயத்தக்கது.

முதலில் வேலையை அளவிடுக

"தம்பி, வளவைக் கொஞ்சம் வெளியாக்கித் தரவேணும்."
"ஓம் அண்ணை, பார்த்துத் தாங்கோ."

கிராமங்களில் இவ்விரு வாக்கியங்களுடனேயே பல வேலைகள் தொடங்கிவிடுகின்றன. எவ்விடம் தொடங்கி எவ்விடம் வரை, களையை வெட்டுவதா வேருடன் பிடுங்குவதா, வெட்டியதை எங்கே இடுவது, கருவி யாருடையது, மதிய உணவு யாருடையது என்பவை ஒன்றும் பேசப்படுவதில்லை. மாலையில் பணம் எண்ணும்போது இருவர் மனத்திலும் குறை தோன்றும். கமக்காரர் கூடுதலாகக் கொடுத்ததாக எண்ணுவார். கூலியாளோ குறைவாகப் பெற்றதாக எண்ணுவார். அடுத்த முறை அழைத்தால் அவர் வரமாட்டார்.

இதனைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. தோட்டக் காணியில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். வளவின் பரப்பளவு தெரிந்ததே. முதல் நாள் ஓர் ஆளை நாட்கூலிக்கு அமர்த்தி, அவர் மாலைக்குள் செம்மையாகச் செய்து முடித்த இடத்தைக் கயிறு பிடித்து அளக்க. மொத்தப் பரப்பை அவ்வளவால் வகுத்தால், எஞ்சிய வேலைக்கு எத்தனை ஆள்நாள் வேண்டும் என்பது புலப்படும். ஒருவர் ஒரு நாளிற் செய்யும் வேலையே ஓர் ஆள்நாள் ஆகும். இவ்வளவை ஒரு கொப்பியிற் குறித்து வைப்பின் அடுத்த ஆண்டிற்கும் அது பயன்படும்.

நாட்கூலியா, கொந்தராத்தா?

கூலி கொடுக்கும் முறைகள் மூன்று. அவையாவன:

1. நாட்கூலி. பாத்தி கட்டல், நாற்று நடல், தென்னைக்குப் பாத்தி வெட்டல் போன்று கவனமும் பொறுமையும் வேண்டிய வேலைகளுக்கு இதுவே ஏற்றது. விரைந்து முடிக்கும் நோக்கம் இல்லாமையால் வேலை செம்மையாக அமையும். எனினும், வீட்டுக்காரர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

2. கொந்தராத்து. வேலியடைத்தல், வடிகால் வெட்டல், பற்றை வெளியாக்கல் போன்று, முடிந்த வேலையைக் கண்ணால் அளந்துகொள்ளக் கூடியவற்றுக்கு இது பொருந்தும். களை பிடுங்குவதைக் கொந்தராத்தாக விடின், வேர் மண்ணிலிருக்கத் தழை மட்டும் அகற்றப்படுதல் கூடும். புல்வெட்டும் இயந்திரத்தால் செய்யப்படும் வேலையும் அத்தன்மையதே. பார்வைக்கு வளவு அழகாகத் தோன்றும். கோரைக் கிழங்கோ மண்ணுள் உயிருடன் இருந்து சில நாட்களில் மீண்டும் தளிர்க்கும்.

3. மாதச் சம்பளம். மாதத்தில் குறித்த சில நாட்கள் ஒருவரே வந்து கவனிக்கும் ஒழுங்கு இது. வளவின் தன்மையை அவர் நன்கு அறிந்துகொள்வதால் வேலை குறைந்துகொண்டே வரும்.

எம்முறையாயினும் கூலியை முன்னரே பேசி முடித்தல் வேண்டும். இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்குரிய தேசிய ஆகக்குறைந்த வேதனத்தை 400 ரூபாவாக வகுத்தது. பின்னர் அது பலமுறை உயர்த்தப்பட்டு, 2024 இல் 700 ரூபாவாகவும், 2025 ஏப்ரல் முதல் 1,080 ரூபாவாகவும், 2026 சனவரி முதல் 1,200 ரூபாவாகவும் அமைந்தது. தோட்ட வேலைக்கு ஊரில் வழங்கும் நாட்கூலி இதனிலும் மேலானது. ஆகவே சட்டத்தின் அளவைக் காட்டிப் பேரம் பேசுதல் பயன் தராது. ஊர்க் கூலியை அறிந்து பேசுதலே முறை.

கணக்கு ஒன்று

கணக்கிடும் முறையை விளக்குவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். கூலி இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறுமாதலால், ஒவ்வொருவரும் தத்தம் ஊர் நிலவரத்தை இவ்வெண்களுக்குப் பதிலாக இட்டுக்கொள்க.

வளவு 4 பரப்பு. அதில் வீடும் முற்றமும் 1 பரப்பு. எஞ்சிய 3 பரப்பில் 12 தென்னையும் வாழையும் மரக்கறிப் பாத்திகளும் உள்ளன. நாட்கூலி 3,000 ரூபா. தேநீருக்கும் மதிய உணவுக்கும் 500 ரூபா. ஆகவே ஓர் ஆள்நாளின் செலவு 3,500 ரூபா. இளங்களையாயின் ஒருவர் நாளொன்றுக்கு அரைப் பரப்புப் பிடுங்குவார் எனவும், 4 தென்னைகளுக்குப் பாத்தி வெட்டுவார் எனவும் கொள்வோம். வேலி திருத்த 3 நாள் செல்லும்.

காலத்தோடு செய்பவரின் செலவு வருமாறு: முதற் களையெடுப்பு 6 நாள்; இரண்டாம் களையெடுப்பு 6 நாள்; தென்னைப் பாத்தி 3 நாள்; வேலி 3 நாள். ஆக 18 ஆள்நாள். செலவு 63,000 ரூபா.

இனி, "ஒருமுறை செய்வித்தாற் போதும்" என மாசி மாதம் வரை தாமதிப்பவரின் கணக்கைப் பார்ப்போம். அப்பொழுது களை முற்றி, மண்ணும் இறுகிவிடும். அரைப் பரப்புச் செய்தவர் கால் பரப்பே செய்வார். ஆகவே ஒரே களையெடுப்புக்கு 12 நாள். தென்னைப் பாத்திக்கும் வேலிக்கும் முன்போல 6 நாள். ஆக 18 ஆள்நாள்; செலவு அதே 63,000 ரூபா.

இருவரும் கொடுத்த பணம் ஒன்றே. முன்னவரின் வளவு மழைக்காலம் முழுவதும் துப்புரவாயிருந்து மரக்கறி தந்தது; அவர் நிலத்தில் களைவிதை விழவில்லை. பின்னவரோ மரக்கறியை இழந்ததோடு, அடுத்த ஆண்டின் களையையும் தம் நிலத்திலேயே விதைத்துக்கொண்டார். ஒருமுறை களையெடுப்பது இருமுறை எடுப்பதிலும் மலிவென்னும் எண்ணம் தவறானது என்பது இதனால் விளங்கும்.

வேலைக்கேற்ற காலம்

வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல்லைப் போல் இறுகும்; நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஈரப்பதமே வெட்டுவதற்கு உகந்தது. ஆதலால் சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் மண் வேலைக்கு ஆள் பிடித்தல் வீண் செலவாகும்.

ஆவணியில், காலபோக விதைப்பு வேலைகள் தொடங்குமுன் வேலியைத் திருத்துக. ஐப்பசியில் முதல் மழை பெய்து மண் நெகிழ்ந்தபின் தென்னைக்குப் பாத்தி வெட்டுவித்து, சீமைக்கிளுவை, பூவரசு முதலிய கதியால்களை நடுக. மழை தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரத்தில், விதைப்பு முடிந்து ஆட்கள் கிடைக்கும் வேளையில், முதற் களையெடுப்பை நடத்துக. மார்கழி இறுதியில், அறுவடை நெருங்குமுன், இரண்டாம் முறை எடுப்பிக்க. வயல் வேலை குறைந்த இடைவேளைகளில் அழைப்பதால் ஆளும் எளிதிற் கிடைப்பார், கூலியும் ஏறாது. மழை விட்ட நாளையே களையெடுப்புக்குத் தெரிதல் வேண்டும். ஈர மண்ணில் பரப்பி விடப்பட்ட அறுகு மீண்டும் வேரூன்றும்.

பார்த்தீனியத்தைப் பற்றித் தனியே எச்சரித்தல் அவசியம். 1980களின் இறுதியில் வட பகுதியில் நுழைந்த இக்களை முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திற் பூக்கத் தொடங்கும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்த வல்லது. பூக்குமுன் வேருடன் பிடுங்குவதே வழி. சிலருக்குத் தோலழற்சியும் சுவாசத் தொல்லையும் உண்டாகுமாதலால், இதனைப் பிடுங்குவோருக்குக் கையுறை கொடுத்தல் கடமையாகும்.

குப்பையன்று, பசளை

வெட்டிய தழையையும் கூட்டிய சருகையும் மூலையிற் குவித்துத் தீயிடுதல் பெருவழக்கு. இது கூலி கொடுத்துப் பசளையை எரிப்பதற்கு ஒப்பாகும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அக்காலத்திற் பட்ட இடரைக் கமக்காரர் எவரும் மறந்திரார். சீமைக்கிளுவைத் தழை தழைச்சத்து நிறைந்தது. வேலி வெட்டும் நாளிலேயே அதனைத் தென்னைப் பாத்தியிலிட்டு மண்ணால் மூடுவிக்க. விதை பிடிக்காத களையைக் கூட்டெருக் குழியிலிடுக. உரிமட்டையைத் தென்னையைச் சுற்றிப் புதைப்பின் கோடையில் ஈரத்தைத் தாங்கும். வெளியிற் கிடந்தால் சிரட்டையைப் போல் நீர் தேங்கி நுளம்பை வளர்க்கும். இவ்வேலைகளும் கூலிப் பேச்சிலேயே அடங்குதல் வேண்டும்.

கூலியாளின் நலமும் நீதியும்

2008 ஆம் ஆண்டில் அக்கராயன் பகுதியிற் கடும் போர் நடைபெற்று மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின்னரே மீளக் குடியமர்ந்தனர். நெடுங்காலம் வெட்டப்படாத வளவிலோ எல்லைப் பற்றையிலோ வேலை செய்விக்குமுன், அவ்விடம் கண்ணிவெடி அகற்றப்பட்டதுதானா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் அறிந்துகொள்க. ஐயத்துக்குரிய இரும்புப் பொருள் ஏதேனும் தென்பட்டால் அதனைத் தொடலாகாது, அவ்விடத்திற் தீயிடலாகாது. வேலையை நிறுத்தி, வந்த வழியே விலகிச் சென்று, பொலிசுக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு நாட்கூலியை மிச்சம் பிடிக்கும் பொருட்டு ஓர் உயிரைப் பணயம் வைத்தல் எவ்விதத்திலும் நியாயமாகாது.

பற்றையில் நாகமும் புடையனும் உறையும். சப்பாத்தும் நீண்ட தடியும் இன்றிப் பற்றையுட் செல்ல விடாதீர்கள். பாம்பு தீண்டின் கீறுதலும் உறிஞ்சுதலும் செய்யாது உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. தேங்கிய நீரிலும் சேற்றிலும் வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்க.

போரின் பின் வன்னியிற் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. களையெடுப்பிலும் நாற்று நடுகையிலும் அவர்களின் கைத்திறன் குறைந்ததன்று. ஆயினும் கூலி குறைத்துக் கொடுக்கும் பழக்கம் நீங்கவில்லை. ஒத்த பெறுமதியுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்னும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. மேலே கூறியவாறு கயிறு பிடித்து அளந்தால், அரைப் பரப்பு யார் செய்தாலும் அரைப் பரப்பே என்பது தெளிவாகும். கூலியை அன்று மாலையே கொடுத்தல் வேண்டும்.

சொந்தக்காரர் அயலூரிலிருக்கும் வளவுகள்

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்வோரின் வளவுகள் சில பராமரிப்பின்றிக் கிடக்கின்றன. அங்கு முற்றும் களையின் விதை காற்றோடும் வெள்ளத்தோடும் அயல் வயலையும் தோட்டத்தையும் வந்தடையும். இத்தகைய வளவைப் பராமரிக்கும் பொறுப்பை அயலிலுள்ள கமக்காரர் ஏற்பின், தம் நிலத்தைக் காப்பதோடு ஒரு மேலதிக வருமானமும் பெறலாம். ஆனால், மாதத்தில் எத்தனை நாள் வேலை, தேங்காய் யாருக்கு, நீர் இறைக்கும் மின்கட்டணம் யாருக்கு, ஒழுங்கை நிறுத்த எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பனவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்திருத்தல் வேண்டும். உறவினராயினும் எழுத்து வேண்டும். பின்னர் உறவு முறியாதிருக்க அதுவே துணை.

முடிவுரை

வளவை அளந்து, காலமறிந்து, கூலியை முன்பேசி ஆள் பிடிக்கும் கமக்காரருக்கு அச்செலவு தேங்காயாகவும் மரக்கறியாகவும் பசளையாகவும் திரும்பி வரும். இவ்வாண்டு ஆவணியிலேயே ஒரு கொப்பியைத் தொடங்கி ஆள்நாட்களைக் குறித்து வருக. மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுவார்களாக.