நொடி எப்போது நீள்கிறது?

மாண்ட்ரியலில் இரண்டு பனிக்காலங்களைக் கழித்த எந்தத் தமிழரிடமும் ஒரு சறுக்கல் கதை இருக்கும். பிரேக்கை மிதித்தும் கார் நிற்காமல் கண்ணாடி போன்ற பனிக்கட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. எதிரே விளக்குக் கம்பம் மெல்ல மெல்ல நெருங்குகிறது. முன்னால் நிற்கும் வண்டியின் எண் பலகை, அதில் ஒட்டியிருக்கும் உப்புக் கறை எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. "எல்லாமே ஸ்லோ மோஷன்ல நடந்த மாதிரி இருந்துச்சு" என்று கதையை முடிப்பார்கள்.

சினிமா வருவதற்கு முன்னால் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. விடை 1892லேயே அச்சில் இருக்கிறது. லூமியேர் சகோதரர்கள் பாரீசில் படம் காட்ட அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. சூரிச் நகரத்து நிலவியல் பேராசிரியர் ஆல்பர்ட் ஹைம், மலையிலிருந்து விழுந்து பிழைத்தவர்களின் அனுபவங்களை வருஷக்கணக்காகச் சேகரித்து, சுவிஸ் ஆல்ப்ஸ் மன்றத்தின் ஆண்டு மலரில் வெளியிட்டார். அவரே 1871இல் ஆல்ப்ஸில் உருண்டு விழுந்து தப்பியவர். விழுந்த சில நொடிகளுக்குள் நினைத்ததைச் சொல்லி முடிக்க அதைப்போலப் பத்து மடங்கு நேரம் போதாது என்கிறார். மூக்குக்கண்ணாடி உடைந்து கண்ணில் குத்திவிடுமோ என்பதிலிருந்து, வீட்டாருக்குச் செய்தி எப்படிப் போகும் என்பதுவரை எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டதாம். மற்றவர்களும் அநேகமாக இதையேதான் சொன்னார்கள்: பயம் இல்லை, வலி இல்லை, எண்ணங்கள் அதிவேகம், காலம் மட்டும் நீட்சி.

ஆக அனுபவம் பொய்யில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட அனுபவம் என்பதில்தான் சிக்கல். ஆபத்து வந்ததும் மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது, நொடிக்கு அதிகச் சட்டங்கள் எடுக்கும் கேமராவைப்போல ஓடுகிறது, அதனால் வெளியுலகம் மெதுவாகத் தெரிகிறது என்பது எல்லோருக்கும் தோன்றும் விளக்கம். இது உண்மையானால் சோதித்துப் பார்க்கலாம். சாதாரண நேரத்தில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறும் ஒன்று, ஆபத்தின்போது பிடிபட வேண்டும் அல்லவா?

சோதித்தும் பார்த்துவிட்டார்கள். டேவிட் ஈகிள்மனும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. டல்லாஸில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சுமார் 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை, கயிறு எதுவும் கட்டாமல், மல்லாந்த நிலையில் கீழே விரித்த வலையில் விழவிட்டார்கள். இரண்டரை நொடி வீழ்ச்சி. (ஈர்ப்பு முடுக்கத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.) மணிக்கட்டில் ஒரு சின்னத் திரை. அதில் ஓர் எண்ணும், அதன் ஒளி-நிழல் தலைகீழான பிம்பமும், ஒன்றாகக் கலந்து வெறும் வெளிச்சமாகத் தெரியும் அளவுக்கு வேகமாக மாறிக்கொண்டிருக்கும். காலம் நிஜமாகவே மெதுவானால், விழுகிறவர் அந்த எண்ணைப் படித்துவிடுவார்.

படிக்க முடியவில்லை. தரையில் நிற்கும்போது எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் விழும்போதும் தெரிந்தது. ஆனால், விழுந்து முடித்தபின் "எவ்வளவு நேரம் விழுந்தீர்கள்?" என்று கேட்டால், அடுத்தவர் விழுந்ததற்குச் சொன்னதைவிடத் தன் வீழ்ச்சிக்குச் சராசரியாக 36 சதவீதம் அதிகமாகச் சொன்னார்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு நிரல் சாதாரணமாக ஓடும்போது பதிவுக் கோப்பில் நிமிடத்துக்கு நாலு வரி எழுதும். ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தால் பதிவின் அளவை உச்சத்தில் வைப்போம். அப்போது ஒவ்வொரு சிறு அசைவுக்கும் ஒரு வரி விழும். மறுநாள் கோப்பைத் திறந்தால் அந்த ஐந்து நிமிடம் ஐம்பது பக்கம் இருக்கும். நிரல் வேகமாக ஓடவில்லை, எழுதப்பட்டதுதான் அதிகம். பயத்தின்போது அமிக்டலா என்ற மூளைப்பகுதி விழித்துக்கொண்டு, நினைவுப் பதிவை அடர்த்தியாக்குகிறது. பின்னால் திரும்பிப் பார்க்கிற மனம், பக்கங்களை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகிறது என்பது ஈகிள்மன் தரப்பின் விளக்கம்.

இதோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பயம் வேறு, ஆயத்தம் வேறு. செயின்ட் கேத்தரின் தெருவும் அட்வாட்டரும் சந்திக்கும் இடத்தில் பழைய ஃபோரம் அரங்கம் இருக்கிறது. 1996 வரை கனேடியன்ஸ் ஹாக்கி அணியின் வீடு அதுதான். பதினைந்து மீட்டர் தொலைவிலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வட்டை, கோல்காப்பாளருக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு அவகாசம்தான் தரும். சேப்பாக்கத்தில் வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளருக்கு அதைவிடச் சற்றே அதிகம், ஏறத்தாழ அரை நொடி. நல்ல ஃபார்மில் இருக்கும்போது பந்து மெதுவாக வருவதுபோல் தெரிந்ததாக ஆட்டக்காரர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை போலிருக்கிறது. நோபுஹிரோ ஹகுராவும் அவருடைய சகாக்களும் லண்டனில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கையை நீட்டத் தயாராகிக்கொண்டிருந்தவர்களுக்கு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட, அதே இடைவெளி நீளமாகத் தெரிந்தது. வேகமாக மாறும் எழுத்துகளை அவர்களால் கூடுதலாகக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. விழுகிறவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பந்தை எதிர்கொள்பவருக்கு இருக்கிறது. வித்தியாசம் அங்கே இருக்கலாம் என்பது என் ஊகம்.

பத்துப் பைசா செலவில்லாமல் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. நொடிமுள் உள்ள சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். சில சமயம் முதல் நொடி மட்டும் நின்றுவிட்டதுபோல் நீளும், பிறகு முள் ஒழுங்காக நகரும். கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் கணத்தில் வருவது வெறும் கலங்கல். மூளை அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தாவி முடித்ததும் கண்ட காட்சியையே பின்தேதியிட்டு அந்த இடத்தில் ஒட்டுகிறது. (அலுவலகங்களில் பின்தேதியிடுவது குற்றம்!) நொடி என்ற சொல்லே நமக்கு விரல் சொடுக்கிலிருந்து வந்தது. தொல்காப்பியம் மாத்திரையின் அளவைக் கண் இமைப்பையும் விரல் நொடிப்பையும் வைத்தே சொல்கிறது. கடிகாரம் வருமுன் காலத்தை உடம்பால் அளந்தவர்கள், இமைக்கும் கண் இப்படிக் கணக்கைத் திருத்தும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னது நிகழ்ச்சிகள் நெருக்கியடிக்கும்போது நீளும் நேரம். ஒன்றுமே நிகழாதபோது நீளும் நேரம் வேறு வகை, அதை நம் இலக்கியம் நன்றாக அறியும். குறளின் 127ஆம் அதிகாரமான அவர்வயின் விதும்பலில், பிரிந்து போனவன் வரும் நாளை எண்ணி ஏங்குகிறவளுக்கு ஒரு நாளின் நீளம் ஏழு மடங்காகிறது. திருவாய்மொழியில் ஐந்தாம் பத்தின் நான்காம் திருமொழி முழுவதும் விடியாத ஓர் இரவைப் பற்றியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்கவே பொங்காது, ஒரு நிமிஷம் திரும்பினால் அடுப்பெல்லாம் பால் என்பதும் இதே கதைதான். கவனம் முழுவதும் நேரத்தின் மேலேயே குவியும்போது அது நீள்கிறது. கவனம் வேறெங்காவது போனால் சுருங்குகிறது.

இதை எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்த ஊர் மாண்ட்ரியல். டவுன்டவுனின் மேற்குப் பக்கம் ஷெர்புரூக் தெருவில் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல் இருக்கிறது. 1951 ஜூன் 1ஆம் தேதி அங்கே கனடா, பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டுப் பாதுகாப்பு, உளவுத் துறைக்காரர்களும் சில அறிவியலாளர்களும் கூடினார்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். கைதிகளின் மனத்தை எதிரிகள் எப்படி மாற்றுகிறார்கள் என்பதே கேள்வி. அந்தக் கூட்டத்தில் இருந்தவர் மெக்கில் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டொனால்ட் ஹெப். கனடாப் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியத்தின் பணத்தில் அவருடைய துறை ஒரு சோதனையைத் தொடங்கியது. மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர். அன்றைய நிலையில் நல்ல சம்பளம். வேலை? சும்மா படுத்திருப்பது. சிறிய அறை, எப்போதும் எரியும் விளக்கு, வெளிச்சம் மட்டும் தெரிந்து உருவம் தெரியாத கண்ணாடி, கைகளுக்கு உறையும் அட்டைக் குழலும், காதைச் சுற்றி நுரை ரப்பர் தலையணை, விடாமல் ஓடும் குளிர்சாதனத்தின் ஓசை. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழலாம்.

தேர்வுக்குப் படிக்கலாம், கட்டுரை யோசிக்கலாம் என்று போனவர்களால் கோர்வையாகச் சிந்திக்கவே முடியவில்லை. முதலில் தூங்கினார்கள். பிறகு நேரம் நகர மறுத்தது. பிறகு இல்லாத காட்சிகள் தெரிந்தன. தோளில் மூட்டையோடு அணிவகுத்துப் போகும் அணில்களைக் கண்டவர் ஒருவர். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கியவர்கள் குறைவு. முடிவுகள் 1954இல் அச்சில் வந்தன, ஆனால் ஏன் தொடங்கினோம் என்பதைச் சொல்ல அனுமதி இல்லை. மூளைச்சலவை பற்றிய கேள்வியில்தான் இது பிறந்தது என்று ஹெப் 1958இல்தான் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. மிஷேல் சிஃப்ர் 1962 ஜூலையில் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இறங்கி இரண்டு மாதம் இருந்தார். வெளியே எடுத்தது செப்டம்பர் 14. அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாட்களைக் காணோம்! உள்ளே ஒவ்வொரு பொழுதும் தள்ள முடியாத பாரமாக இருந்திருந்தாலும், திரும்பிப் பார்த்தால் எண்ணுவதற்குப் பக்கங்கள் இல்லை. கழிக்கும்போது நீளமாக இருப்பதும் நினைக்கும்போது நீளமாக இருப்பதும் இரண்டு தனி அளவுகள்.

இரண்டாவது அளவுகோல் நினைவால் ஆனது என்பதற்குச் சாட்சியும் இதே மலைச்சரிவில் கிடைத்தது. ஷெர்புரூக்கிலிருந்து யுனிவர்சிட்டி தெருவில் வடக்கே ஏறினால் (தெற்குப் பகுதிக்கு 2015இல் ரொபேர் பூராஸா என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் திறந்த நரம்பியல் நிறுவனம் வரும். கனடாத் தொலைக்காட்சியில் 'கருகிய ரொட்டி வாசனை வருகிறது, டாக்டர்!' என்ற குறும்படத்தைப் பார்த்தவர்களுக்கு பென்ஃபீல்டைத் தெரிந்திருக்கும். அங்கே பணியாற்றிய பிரெண்டா மில்னர் 1955இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டுக்குப் போய் ஓர் இளைஞரைச் சந்தித்தார். ஹென்றி மொலைசன், உலகம் நெடுங்காலம் ஹெச். எம். என்று மட்டும் அறிந்திருந்தவர். வலிப்புக்காக 1953இல் செய்த அறுவையில் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி இருபுறமும் போய்விட்டது. அதன்பின் 2008இல் இறக்கும்வரை, நடந்த எதுவும் அவரிடம் தங்கவில்லை.

அவரிடம் 1973இல் வெளியான ஒரு சோதனை நேரத்தைக் கேட்டது. இருபது நொடி வரை அவர் நம்மைப்போலவே சரியாக அளந்தார். அதைத் தாண்டினால் அளவு சரிந்தது. அந்தப் போக்கை நீட்டிப் பார்த்த ஆய்வாளர் வைட்மன் ரிச்சர்ட்ஸ், அவருக்கு ஒரு மணி நேரம் மூன்று நிமிடமாகவும், ஒரு நாள் கால் மணியாகவும், ஓர் ஆண்டு மூன்று மணி நேரமாகவும் இருக்கும் என்று கணக்கிட்டார். சிறிய கடிகாரம் பழுதில்லை. பெரியதைச் செய்யும் பொருள்தான் இல்லை.

நரம்பியல் நிறுவனத்திலிருந்து பைன் அவென்யூவில் மேற்கே நடந்தால் ரேவன்ஸ்கிராக் என்ற பழைய மாளிகை தெரியும். ஆலன் நினைவு மனநல நிறுவனம் அங்கேதான் இயங்கியது. அதன் இயக்குநர் யூவென் கேமரன், 1957 முதல் சில ஆண்டுகள் சி.ஐ.ஏ.யின் பணமும் பெற்று, மன அழுத்தம், பதற்றம் என்று வந்தவர்களை வாரக்கணக்கில் மருந்தால் தூங்கவைத்தார், மீண்டும் மீண்டும் மின்னதிர்ச்சி கொடுத்தார், ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் ஓயாமல் கேட்கவைத்தார். ஹெப்பின் மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை, என்ன நடக்கிறது என்றே சொல்லப்படவில்லை. பலருக்கு வாழ்ந்த ஆண்டுகள் நினைவிலிருந்து கழன்றுபோயின. கனடா அரசு 1992இல் 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தது.

மெக்கில் அறையில் கிடைத்த முடிவுகளை சி.ஐ.ஏ.யின் 1963ஆம் ஆண்டு விசாரணைக் கையேடு எடுத்தாள்கிறது. கைதியின் கால உணர்வைக் குலைக்க அது தரும் யோசனைகளில் ஒன்று, அவர் இருக்கும் இடத்தின் கடிகாரங்களை வேண்டுமென்றே முன்னும் பின்னும் திருப்பிவைப்பது.