பெரிய இரும்பின் சத்தமும் சின்ன மிதிவெடியும்

"காணியில கிடக்கிறது நாலு துண்டுத் தகரமும் ஒரு இரும்புக் கம்பியும்தான். அதை எடுக்க இவ்வளவு நாளோ?" மிதிவெடி அகற்றும் வேலை நடக்கும் கிராமங்களில் இக்கேள்வி எழுவது இயல்பே. விதைப்புக்காலம் கைநழுவிப் போகும்போது வளவுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குப் பொறுமை குறையத்தான் செய்யும். ஆனால் அந்த நாலு துண்டு இரும்புதான் வேலையைக் கடினமாக்குகிறது. எப்படி என்று பார்ப்போம்.

கருவி எதைக் கேட்கிறது?

உலோகம் கண்டறியும் கருவியின் அடித்தட்டில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டங்கள் பிறந்து, தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அதனை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது. ஆகவே கருவி அறிவது உலோகத்தை மட்டுமே. வெடிமருந்தை அது அறியாது. வடக்கில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உறை கொண்டவை. அவற்றில் உள்ள உலோகம் மிகச் சிறிதளவே.

தூரம் கூடக்கூட ஒலி வேகமாகக் குறையும். ஒரு சிறு பொருள் இரண்டு மடங்கு ஆழத்தில் கிடந்தால் அதன் பதில் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். எனவே மேல்மண்ணில் கிடக்கும் ஒரு சன்னக்கோதும் ஆழத்தில் கிடக்கும் பெரிய தகரப் பீப்பாவும் ஒரே அளவு சத்தம் தரலாம். சத்தத்தின் பலத்தை மட்டும் வைத்துப் பொருளின் அளவைச் சொல்ல முடியாது.

பெரிய பொருளை எப்படி அறிவது?

பயிற்சி பெற்றவர்கள் மூன்று விடயங்களைக் கவனிக்கிறார்கள்.

1. சத்தத்தின் அகலம்: சிறு பொருள் ஒரு புள்ளியில் சட்டென ஒலித்து நின்றுவிடும். பெரிய பொருளின் சத்தம் மெல்லத் தொடங்கி, அகலமாகப் பரந்து, மெல்ல அடங்கும்.

2. உயரம்: கருவியைச் சற்று உயர்த்தினால் சிறு பொருளின் சத்தம் மறைந்துவிடும். பெரிய பொருளின் சத்தம் தொடர்ந்து கேட்கும்.

3. எல்லை: நான்கு பக்கத்தாலும் மெதுவாக நெருங்கி, சத்தம் தொடங்கும் இடங்களை அடையாளமிட்டால் பொருளின் உருவம் ஓரளவு தெரியும். நீளமான கம்பியாயின் சத்தம் ஒரு கோடாக ஓடும்.

ஆழத்தில் கிடக்கும் வெடிக்காத எறிகணை, விமானக் குண்டு போன்றவற்றைத் தேடுவதற்குப் பெரிய சுருள்கள் கொண்ட கருவிகளும், இரும்பினால் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்கும் கருவிகளும் உண்டு.

பெரியது சிறியதை மறைக்கும்

1881 யூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உடலுக்குள் இருந்த சன்னத்தைத் தேட இத்தகைய ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கருவி தெளிவான பதில் தரவில்லை. கட்டில் மெத்தையின் அடியில் உருக்குக் கம்பிகள் இருந்தமை பின்னரே தெரியவந்தது. வைத்தியர் தேடவிட்ட பக்கமும் பிழையானது. ஜனாதிபதி செப்டெம்பரில் இறந்தார்.

எமது மண்ணிலும் இதே சிக்கல்தான். போர்க்காலத்தில் ரயில் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முகமாலை போன்ற முன்னரங்குகளில் முட்கம்பியும் எறிகணைத் துண்டுகளும் மண்ணோடு மண்ணாகக் கலந்தன. ஒரு தண்டவாளத்தின் பெருஞ்சத்தத்துக்குள், அதன் அருகே கிடக்கும் மிதிவெடியின் மெல்லிய சத்தம் அமிழ்ந்துபோகும். "இது பழைய இரும்பு" என்று சரியாகவே கணித்தாலும், பக்கத்தில் வேறொன்றும் இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

ஆகவே அகற்றுபவர் இரும்பைப் பிடித்து இழுப்பதில்லை. மிதிவெடியின் அழுத்தும் பகுதி மேலே இருப்பதால், சத்தம் தொடங்கும் இடத்துக்கு முன்னாலிருந்தே பக்கவாட்டாக மண்ணை மெல்ல அகற்றுகிறார். இரும்பை வெளியே எடுத்தபின் அதே இடத்தை மறுபடியும் கருவியால் தேடுகிறார். உலோகம் மிக நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் கருவியை ஒதுக்கிவிட்டு, குறித்த ஆழம்வரை மண் முழுவதையும் கையாலோ நீண்ட பிடியுள்ள இரும்பு வாரியாலோ கிளறிச் சோதிக்க வேண்டியிருக்கும். நாட்கள் போவது இதனால்தான்.

நாம் செய்யக்கூடியவை

- அடையாளமிட்ட எல்லைக்குள் கால் வைக்க வேண்டாம்; குறிக்கட்டைகளைப் பிடுங்க வேண்டாம்.

- மண்ணில் பாதி தெரியும் தண்டவாளம், கம்பி, தகரம் எதையும் விற்பதற்காக இழுக்க வேண்டாம். பழைய இரும்பின் விலை ஒரு காலுக்கு ஈடாகாது.

- புதையல் தேட யாராவது கருவியோடு வந்தால் காணிக்குள் விட வேண்டாம். பெரிய சத்தத்தை நோக்கித் தோண்டுபவர் சின்னச் சத்தத்தின் மேல் நிற்கக்கூடும்.

- பதுங்குகுழி இருந்த இடம், ஆட்கள் காயப்பட்ட இடம், மாடு செத்த இடம் பற்றித் தெரிந்தவற்றை அகற்றும் குழுவுக்குச் சொல்லுங்கள். கருவிக்குத் தெரியாததை ஊரவர் அறிவர்.

- சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இலங்கையில் மனிதாபிமான முறையிலான மிதிவெடி அகற்றல் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு தொடங்கி, 2009இல் போர் முடிந்தபின் விரிவடைந்தது. இத்தனை ஆண்டு பொறுத்த நாம், ஓர் இரும்பை எடுத்தபின் அந்த மண்ணை இன்னொருமுறை கேட்டுப் பார்க்கும் நேரத்தையும் பொறுப்போம். அந்த மண்ணில் நாளை வெறுங்காலோடு ஓடப்போவது எமது பிள்ளைகளே.