11 மணித்தியாலமும் மிச்ச 400 கிலோமீற்றரும்

"அண்ணை, கட்டுநாயக்காவோ, பலாலியோ?"

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் டிக்கெட் போடப் போனால் இப்போது இப்படித்தான் கேட்பார்கள்: கொழும்பு விமான நிலையமோ, யாழ்ப்பாண விமான நிலையமோ என்று. 2019-க்கு முன்னர் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆகாயத்தில் போகும் நேரம் என்னவோ நெடுங்காலமாகப் பெரிதாக மாறவில்லை. ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர், நேரே போனால் 11 மணித்தியாலம் அளவில். சென்னை கொஞ்சம் கிட்ட. 10 மணித்தியாலம் சொச்சம். அதற்கும் முந்திய கதை கப்பல்: கொழும்பில் ஏறி, சுவெஸ் கால்வாய் கடந்து லண்டனுக்கான டில்பரித் துறைமுகத்தில் இறங்க மூன்று கிழமை. 1880-ல் திறந்த கப்பல்துறையான ரோயல் அல்பேர்ட் டொக் ஈஸ்ட் ஹாமுக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கரையில் இன்று லண்டன் சிற்றி விமான நிலையம். அங்கிருந்து எங்கடை ஊருக்கு ஒரு விமானமும் இல்லை; பெட்டிகளை இழுத்துக்கொண்டு லண்டனின் மறுகரைக்கு, ஹீத்ரோவுக்குத்தான் போகவேண்டும். எலிசபெத் லைன் வந்தபிறகு மனோர் பார்க்கில் ஏறினால் அந்தப் பாடும் ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும்.

கடினமாக இருந்தது கொழும்பில் இறங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மிஞ்சும் 400 கிலோமீற்றர்தான். 1990-ல் போரால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை மூடியது, யாழ்தேவி ரயிலும் நின்றது. லண்டனிலிருந்து ஒரே இரவில் வந்திறங்கியவர் யாழ்ப்பாணம் போய்ச்சேர நாட்கணக்கானது. கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்தார்கள்; கடற்படையின் சூட்டுக்குத் தப்பினால்தான் கரை. பின்னாளில் திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2002-ல் பாதை திறந்தது, 2006-ல் மறுபடி மூடியது.

அகதிப் பயணப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. அதனால்தான் எத்தனையோ ஈஸ்ட் ஹாம் கலியாணங்கள் சென்னை மண்டபங்களில் நடந்தன. தாய் யாழ்ப்பாணத்திலிருந்து, பிள்ளை லண்டனிலிருந்து, சந்திப்பு வடபழனியில்.

2009-ல் போர் முடிந்த பிறகு பாதை திறந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. புதுமை என்றார்கள். ஆனால் 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது இதே பலாலி, வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது! கோவிட் வந்து நிறுத்திய சென்னை–பலாலி சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ விமான நிறுவனமும் சேர்ந்தது. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதான்.

கணக்குப் பார்த்தால் பலாலிதான் கிட்ட. ஆனாலும் டிக்கெட் தனித்தனி என்றால் இந்திய விசா எடுக்கவேண்டும், சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும், அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கவேண்டும். அப்படியிருந்தும் முழங்கால் நோகிற வயதானவர்களுக்கு நான் பலாலியைத்தான் சொல்வேன். கொழும்பிலிருந்து வான் வண்டியில் இரவு முழுக்கக் குந்தியிருப்பதற்கு அது மேல். பிள்ளைகுட்டியோடு சாமானும் கூடப் போகிறவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடிப்பார்கள். ஏ9 பாதையில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டிய காலம் போய், இப்போது வான் நிற்பது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும்தான்.